ஸ்காட்டியரும் ஜப்பானியரும் இன்று ஒரே உயரத்தில் நிற்கிறார்கள் என்றால், பாகுபாடு பொருட்டில்லை என்று ஆகுமா?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: "கனடாவிலும் அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்து வம்சாவளியினர், ஜப்பானிய வம்சாவளியினர் இரு தரப்பாரும் கல்வியிலும் வருமானத்திலும் தேசியச் சராசரிக்கு மேலே இருக்கிறார்கள். முதல் தரப்பாரை அங்கே யாரும் ஒடுக்கவில்லை. இரண்டாம் தரப்பாரை இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைத்தார்கள், சொத்தைப் பறித்தார்கள். அப்படியிருந்தும் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால், பாகுபாட்டைவிடப் பண்பாடுதானே முடிவை நிர்ணயிக்கிறது?" மேலோட்டமாக இது இரு சமூகங்களை ஒப்பிடச் சொல்லும் கேள்வி. அடியில் இருப்பது வேறு: ஒரு சமூகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி அதன் பேரப்பிள்ளைகளின் வாழ்வில் தடம் விடுகிறதா இல்லையா என்பது. குடிபெயர்வு வரலாற்றையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளைப் படிக்கும் முறையையும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு நடத்தியவன் என்ற முறையில் அந்த இரண்டாவது கேள்விக்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஐயமில்லாத பகுதி. அமெரிக்காவில் 2019-இல் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். நாட்டின் இடைநிலை 65,000-ஐ ஒட்டி. வயதுவந்த ஜப்பானிய அமெரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பட்டதாரிகள். நாடு முழுவதற்கும் எடுத்தால் மூன்றில் ஒருவர்தான். ஸ்காட்லாந்து வம்சாவளி என்று சொல்லிக்கொள்வோரும் தேசிய அளவுக்கு மேலேதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த எண்களை அப்படியே அருகருகே வைத்துவிட முடியாது. ஜப்பானிய அமெரிக்கர்களில் மிகப் பலர் வாழ்வது ஹவாயிலும் கலிபோர்னியாவிலும். இரண்டும் சம்பளமும் வாடகையும் ஒருசேர உயர்ந்த இடங்கள். ஸ்காட்லாந்து வம்சாவளியினரோ நாடெங்கும் சிற்றூர்வரை பரவிக் கிடக்கிறார்கள். ஒரே நகரத்தில், ஒரே வயதில், ஒரே படிப்புள்ள இருவரை எடுத்து ஒப்பிட்டால் இடைவெளியின் அளவு மாறிவிடும். எனவே சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு "யார் மேல்" என்று கேட்பது பயனற்றது. இருவரும் எங்கே தொடங்கினார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தார்கள் என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இருவரும் ஒரே நிலத்தில் நின்ற இடங்கள் உண்டு. ஹவாய்த் தீவில் ஹமாக்குவா என்ற கரும்புக் கடற்கரை. அங்கிருந்த தோட்டங்களின் நிர்வாகிகளிலும் மேற்பார்வையாளர்களிலும் அத்தனை பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அதனால் அதற்கு 'ஸ்காட்ச் கடற்கரை' என்றே பெயர் வந்துவிட்டது. 1885-இல் அரசு ஒப்பந்தத்தின்படி வரத் தொடங்கிய ஜப்பானியத் தொழிலாளர்கள் அவர்களின் கீழ் கரும்பு வெட்டினார்கள். இலங்கை மலையகத்தின் 'பெரியதுரை'யை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை; லூல்கந்துரையில் 1867-இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். ஹவாயில் கூலி வேலைக்கேற்ப மட்டும் தரப்படவில்லை; இனத்துக்கேற்பவும் தரப்பட்டது. 1909-இல் ஓவாஹு தீவில் ஜப்பானியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் மாதக் கூலி 18 டாலர். அதே வேலைக்குப் போர்த்துகீசியருக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரருக்கும் 22.50 டாலர்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னும் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏர்ஷயரைச் சேர்ந்த ராபர்ட் டன்ஸ்மியூர் 1851-இல் ஹட்ஸன் விரிகுடா நிறுவனத்தின் ஒப்பந்தச் சுரங்கத் தொழிலாளியாக வான்கூவர் தீவுக்கு வந்தார். வெறுங்கையோடு வந்தவர்தான். 1869-இல் தனியாகத் தேடி நிலக்கரிப் படுகை ஒன்றைக் கண்டார், அதன்மேல் உரிமை பெற்றார், சட்டமன்ற உறுப்பினரானார், 1889-இல் இறக்கும்போது அந்த மாகாணத்தின் பெரும் பணக்காரராக இருந்தார். அவருடைய குடும்பத்தின் கம்பர்லாந்து சுரங்கத்தில் பின்னர் ஜப்பானியத் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள், தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். டன்ஸ்மியூரின் உழைப்பையோ துணிவையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏறிய ஏணியின் படிகள் எவை என்று எண்ணிப் பாருங்கள்: நிலத்தின்மேல் உரிமை, வாக்கு, சட்டமன்றம், கடன் தரும் நண்பர்கள். கம்பர்லாந்தின் ஜப்பானியருக்கு இந்தப் படிகளில் முக்கியமானவை சட்டப்படியே மறுக்கப்பட்டிருந்தன.

வாக்குரிமையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் அரசியல் உரிமை அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜப்பானியர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிவு பெற்றிருந்தாலும், அங்கேயே பிறந்திருந்தாலும், வாக்காளர் பட்டியலில் சேர முடியாது. 1900-இல் ஹொம்மா தொமெக்கிச்சி என்பவர் வழக்குத் தொடுத்தார். மாகாண நீதிமன்றங்களில் வென்றார். 1902-இல் அன்றைய பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வழக்கறிஞர் ஆக முடியாது, மருந்தாளர் ஆக முடியாது, அரசு நிலத்தில் மரம் வெட்டும் உரிமமோ பொதுப்பணி ஒப்பந்தமோ பெற முடியாது. பட்டியலிலிருந்து நீக்கும் ஒரே வரி பல தொழில்களின் கதவைச் சாத்தியது. (இந்தியர்களும் 1907-இல் அதே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு 1947 வரை காத்திருந்தார்கள், ஜப்பானியருக்கு 1948-49-இல்தான் முழுமையாகக் கிடைத்தது.) மிஞ்சியது மீன்பிடியும் பழத்தோட்டமும். ஃபிரேசர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஸ்டீவ்ஸ்டன் நகரத்து சால்மன் ஆலைகளுக்கு மீன் பிடித்துக் கொடுத்தவர்களில் வகயாமா மாவட்டத்தின் மியோ என்ற ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். 1920-களில் அதிலும் கை வைத்தார்கள்: ஜப்பானியரின் மீன்பிடி உரிமங்களில் ஏறத்தாழ பாதியை அரசு திட்டமிட்டு ரத்து செய்தது.

எல்லைக்குத் தெற்கேயும் இதே கதைதான், வேறு சட்டங்களின் வழியாக. 1913-இல் கலிபோர்னியா 'குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்கள்' நிலம் வாங்கக் கூடாது என்றது. தகுதி யாருக்கு இல்லை என்பதை 1922-இல் உச்ச நீதிமன்றம் தாக்காவோ ஒஸாவா வழக்கில் உறுதிசெய்தது. ஒஸாவா பெர்க்லியில் படித்தவர், வீட்டில் ஆங்கிலம் பேசியவர், பல பத்தாண்டுகளாக அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர். வெள்ளையர் அல்லர் என்பதால் குடிமகனாக முடியாது என்பது தீர்ப்பு. 1848-இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினிலிருந்து வறுமைக்கு அஞ்சி வந்த நெசவாளியின் மகன், பின்னாளில் எஃகுத் தொழிலதிபரான ஆண்ட்ரூ கார்னெகிக்கு இப்படிப்பட்ட கேள்வியே எழவில்லை.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பாகுபாடு பொருட்டில்லை என்ற வாதத்துக்கு எதிராக என்னிடம் உள்ள வலுவான சான்று 1942-ஆம் ஆண்டின் முகாம்கள் அல்ல, 1940-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் பிறந்த இரண்டாம் தலைமுறை, அதாவது நிஸெய், அந்த ஆண்டிலேயே வெள்ளையரைவிட அதிகமாகப் படித்திருந்தார்கள். ஆனால் அந்தப் படிப்புக்கேற்ற சம்பளம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் பொறியியல், வணிகப் பட்டம் பெற்ற இளைஞர்கள் காய்கறிக் கடைகளில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பிறகு நிலச்சட்டங்கள் வீழ்ந்தன. 1952-இல் முதல் தலைமுறைக்கும் குடியுரிமை கிடைத்தது. நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கத் தொடங்கின. 1970-க்குள் அவர்களின் குடும்ப வருமானம் தேசிய அளவைத் தாண்டிவிட்டது. பண்பாடுதான் காரணம் என்றால், அந்தப் பண்பாடும் படிப்பும் 1940-இலேயே இருந்தனவே. இடையில் மாறியது சட்டமும் வேலை தருவோரின் நடத்தையும். பாகுபாடு குறையாமல் இந்த ஏற்றம் நடந்திருக்காது என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

முகாம்களின் விளைவு பற்றி அதே தயக்கமின்மையுடன் பேச முடியாது. 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின் கீழ் ஏறத்தாழ 1,20,000 பேர் அடைக்கப்பட்டார்கள்; மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். இவர்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்த பொருளியலாளர்களின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஓர் ஆய்வு, முகாமில் இருந்த ஆண்களின் வருமானம் 25 ஆண்டுகள் கழித்தும் 9 முதல் 13 சதவீதம்வரை குறைந்திருந்தது என்றது. பின்னர் வந்த இன்னோர் ஆய்வு, அதற்கு நேர்மாறாக, நீண்ட காலத்தில் வருமானம் கூடியது என்றது: பண்ணையிலும் பெட்டிக்கடையிலும் முடங்கியிருந்தவர்கள் வேர் பிடுங்கப்பட்டதால் புதிய ஊர்களுக்கும் புதிய தொழில்களுக்கும் போனார்கள் என்பது அதன் விளக்கம். முடிவுகள் பிரிவதற்கு ஒரு முக்கியக் காரணம், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான். ஹவாயில் பிறந்த ஜப்பானியரை ஒப்பீட்டுக்கு எடுத்தால் ஒரு விடை, மேற்குக் கரையின் பிற ஆசியர்களையோ கிழக்கில் வாழ்ந்த ஜப்பானியரையோ எடுத்தால் இன்னொரு விடை வரக்கூடும். இரண்டாம் ஆய்வே சரி என்று வைத்துக்கொண்டாலும் அது முகாமை நியாயப்படுத்தாது. போருக்கு முந்தைய அடைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது; சுதந்திரமாக நகர விட்டிருந்தால் முள்வேலி இல்லாமலேயே அந்த வாய்ப்புகளைத் தேடிப் போயிருப்பார்கள்.

இனி பண்பாடு. அதற்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் 1696-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு திருச்சபைப் பங்குக்கும் (தேவாலய வட்டாரத்துக்கும்) ஒரு பள்ளி வேண்டும் என்றது. ஜப்பானில் மெய்ஜி அரசு 1872-இல் பொதுக்கல்வியைத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் பள்ளி வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளிக்குப் போனார்கள். இரு நாடுகளிலிருந்தும் புறப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகுதி. இதில் ஒரு நுட்பம்: யாரை வெளியே அனுப்புவது என்பதில் ஜப்பானிய அரசு கண்டிப்பாக இருந்தது. வெளிநாட்டில் தன் மக்கள் இழிவாகப் பார்க்கப்பட்டால் நாட்டுக்கே இழிவு என்று கருதி ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. மனைவியரும் மணப்பெண்களும் போக வழிசெய்தது. அதனால் ஹிரோஷிமாவிலிருந்தும் யமகுச்சியிலிருந்தும் போனவர்கள் குடும்பமாக வேரூன்ற முடிந்தது. இதைப் பண்பாடு என்று சொல்லலாம். பள்ளிச் சட்டம், கடவுச்சீட்டு விதி என்றும் சொல்லலாம். வங்கி கடன் தராத இடத்தில் அவர்கள் 'தனொமோஷி' நடத்தினார்கள். நம் ஊர்ச் சீட்டைப் போலவே, மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுப்பது. பல கடைகளும் பண்ணைகளும் அந்தப் பணத்தில் எழுந்தன. போருக்குப் பிறகு வங்கிகள் திறந்தபோது தனொமோஷி மெல்ல மங்கியது. கதவு மூடியிருந்ததால் இத்தனை பெரிதாக வளர்ந்த பழக்கம் அது.

பண்பாட்டு விளக்கத்தைச் சோதிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஒரே வம்சாவளியினரை வேறு வேறு நாடுகளில் பார்ப்பது. 1908-இல் கசாத்தோ மாரு கப்பல் 781 ஒப்பந்தத் தொழிலாளர்களை பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் இறக்கியது. காப்பித் தோட்டங்களில் தொடங்கிய அந்தச் சமூகம் இரண்டு மூன்று தலைமுறைகளில் சாவோ பாவ்லோவின் பல்கலைக்கழகங்களிலும் தொழில்களிலும் தன் எண்ணிக்கையைவிடப் பெரிய இடம் பிடித்தது. பிறகு பிரேசிலின் பொருளாதாரம் சரிந்தது. 1990-இல் ஜப்பான் தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி ஜப்பானிய வம்சாவளியினருக்குக் கதவைத் திறந்தது. 2007-ஐ ஒட்டி ஜப்பானில் இருந்த பிரேசில்காரர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஹமமாட்சுவிலும் ஓய்சுமியிலும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தற்காலிகத் தொழிலாளர்களாக அமர்ந்தார்கள். பட்டதாரிகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் மொழி புரியாமல் பள்ளியைப் பாதியில் விட்டார்கள். 2009-இன் நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று லட்சம் யென் கொடுத்து, அதே விசாவில் திரும்பி வரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஜப்பானிய அரசு அனுப்பிவைத்தது. அதே வம்சம், அதே குடும்பப் பழக்கங்கள், அதுவும் முன்னோர் நாட்டிலேயே. ஆனாலும் விளைவு தலைகீழ். இந்த ஒரே நிகழ்வை நான் வகுப்பில் எடுக்கும்போதெல்லாம், பண்பாடே எல்லாம் என்று வாதிட்ட மாணவர்கள் மறுபடி யோசித்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துத் தரப்பிலும் இதே பிளவைப் பார்க்கலாம். மான்ட்ரியலில் விலங்குத்தோல் வணிகம் செய்த ஜேம்ஸ் மெக்கில், கனடிய பசிபிக் ரயில்வேயை நிறுவிய ஜார்ஜ் ஸ்டீஃபனும் டொனால்ட் ஸ்மித்தும், கிளாஸ்கோவில் பிறந்து கனடாவின் முதல் பிரதமரான ஜான் ஏ. மெக்டொனால்ட் ஆகியோர்தாம் 'வெற்றிபெற்ற ஸ்காட்டியர்' என்றவுடன் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, கனடாவின் கிழக்குக் கரைத் தீவான கேப் பிரெட்டனுக்கு வந்த மலைநாட்டுக் கேலிக் மொழியினர் மெலிந்த மண்ணிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் நெடுங்காலம் வறுமையில் உழன்றார்கள். கிளாஸ்கோவுக்கு அருகே வில்லியம் குவாரியர் நடத்திய இல்லங்களிலிருந்து ஏறத்தாழ 7,000 ஏழைக் குழந்தைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டு, பலர் பண்ணை வேலைக்காரர்களாக வளர்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டர் வழியாக வந்த ஸ்காட்டியரின் சந்ததியினர் குடியேறிய, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி, 1964-இல் அதிபர் ஜான்சன் வறுமை ஒழிப்புப் போருக்காகக் கெண்டக்கியின் மார்ட்டின் வட்டாரத்துக்குப் போகும் அளவுக்கு ஏழ்மையின் அடையாளமாக இருந்தது. இவர்கள் எல்லாருக்கும் ஒரே பிரெஸ்பிட்டேரிய (ஸ்காட்லாந்தின் சீர்திருத்தக் கிறித்தவ) பண்பாடு இருந்ததாகச் சொல்ல முடியாது. கேப் பிரெட்டனின் பலர் கத்தோலிக்கர். 'ஸ்காட்டியர்' என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை பாதைகள் அடங்கியிருக்கும்போது அதன் சராசரி எதைச் சொல்கிறது?

எல்லா ஒப்பீட்டையும் பலவீனப்படுத்தும் இன்னொரு சிக்கல், யார் எந்தச் சமூகத்தில் எண்ணப்படுகிறார்கள் என்பது. கனடாவில் 2021-இல் ஏறத்தாழ 44 லட்சம் பேர் ஸ்காட்லாந்து வம்சாவளி என்றார்கள். ஜப்பானிய வம்சாவளி என்றவர்கள் 1.3 லட்சம். ஸ்காட்டிய வம்சாவளி ஐந்தாறு தலைமுறைகளுக்கு முந்தையது, பலவற்றோடு கலந்தது. யார் அதைக் குறிப்பிடுவது என்பது கேள்வித்தாளின் வாசகத்தையே சார்ந்திருக்கிறது. 1996-இல் எடுத்துக்காட்டுகளில் 'கனடியர்' என்று சேர்த்ததும், அப்படி எழுதியவர்கள் சில சதவீதத்திலிருந்து முப்பது சதவீதத்துக்கும் மேலாக உயர்ந்தார்கள். பிரிட்டிஷ் வம்சாவளிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஜப்பானியர் பக்கம் வேறு சிக்கல். அவர்களிடையே கலப்பு மணம் மிக அதிகம். கனடாவில் ஜப்பானியர் இடம்பெறும் இணைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு கலப்பு இணைகள். அவர்களின் பிள்ளைகளில் யார் தங்களை ஜப்பானியர் என்று எழுதுகிறார்கள், யார் விட்டுவிடுகிறார்கள் என்பது தற்செயலானதல்ல. இதோடு, 1967-க்குப் பிறகு, படிப்புக்கும் திறனுக்கும் புள்ளியிடும் குடிவரவு முறையில் தேர்வாகி வந்த படித்த ஜப்பானியர்களும் அதே எண்ணில் அடங்குகிறார்கள். முகாமில் இருந்தவரின் பேத்தியும் நேற்று வந்த மென்பொருள் பொறியாளரும் ஒரே கட்டத்தில். இந்த எண்ணை வைத்து முகாமின் விளைவை அளக்க இயலாது.

கனடாவின் ஜப்பானியரிடையே கலப்பு மணம் இவ்வளவு உயர்ந்ததற்கே அரசின் கை இருந்தது என்பது என் கணிப்பு. உறுதியான நிரூபணம் என்று சொல்லமாட்டேன். அமெரிக்கா 1945 தொடக்கத்திலேயே மேற்குக் கரைக்குத் திரும்ப அனுமதித்தது. கனடா 1949 ஏப்ரல் வரை அனுமதிக்கவில்லை. ஏறத்தாழ 22,000 பேரைக் கரையிலிருந்து அகற்றிய பிறகு, போர் முடியும் தறுவாயில் 'ராக்கி மலைகளுக்குக் கிழக்கே போ, இல்லையேல் ஜப்பானுக்குப் போ' என்றது. ஏறத்தாழ 4,000 பேர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் டொராண்டோவிலும் புல்வெளி மாகாணங்களிலும் ஒருவருக்கொருவர் அண்டை வீட்டாராகிவிடாதபடி சிதறினார்கள். வான்கூவரின் பவல் தெருவில் இருந்த ஜப்பானிய நகரம் பழைய உருவில் மீளவேயில்லை. கலப்பு மணத்தை 'ஒன்றுகலந்த வெற்றி' என்று எழுதுவோர் இந்தப் பகுதியைச் சொல்லாமல் கடப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

கடைசியாக, வருமானம் வேறு, சொத்து வேறு. உங்கள் கேள்வி வருமானத்தை மட்டும் பார்க்கிறது. வருமானம் ஒரு தலைமுறையில் மீளும். நிலமும் வீடும் அப்படியல்ல. கனடாவில் 'பாதுகாப்பில் வைத்திருக்கிறோம்' என்று எடுத்துக்கொண்ட சொத்துகளை 1943 ஜனவரியில் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமலே விற்க அரசு ஆணையிட்டது. ஃபிரேசர் பள்ளத்தாக்கில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு நிலம் தரும் திட்டத்துக்குப் போயின. விற்ற பணத்திலிருந்தே முகாமில் இருந்தவர்களின் வாழ்க்கைச் செலவு கழிக்கப்பட்டது. அந்த நிலங்கள் இன்று வான்கூவர் பெருநகரின் எல்லைக்குள்ளும் அதன் விளிம்பிலும் இருக்கின்றன. அங்கே மனை என்ன விலை போகிறது என்பது உலகறிந்த செய்தி. ஒரு ஸ்காட்டியக் குடும்பம் 160 ஏக்கர் குடியேற்ற நிலத்தைப் பத்து டாலர் பதிவுக் கட்டணத்தில் பெற்று, அதை மகனுக்கும் பேரனுக்கும் விட்டுச்சென்றதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1988 செப்டம்பரில் பிரதமர் மல்ரோனி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டாலர் தருவதாக அறிவித்தார். ஒரு படகை இழந்தவருக்கும் ஐம்பது ஏக்கரை இழந்தவருக்கும் ஒரே தொகை. அந்த நாளுக்கு முன்பே இறந்துவிட்டவர்களின் வாரிசுகளுக்கு ஒன்றுமில்லை. பண்ணைகளையும் படகுகளையும் சொந்தமாக வைத்திருந்த முதல் தலைமுறையினரில் பெரும்பாலோர் அதற்குள் இறந்திருந்தார்கள்.